எந்த ஊரின் தேவையைக் கேட்பது?

அமெரிக்காவில் ஒரு வகை மருத்துவமனை இருக்கிறது. அந்நாட்டிலேயே பலருக்கு அதன் பெயர் தெரியாது. அங்கே பெரும்பாலும் அவசரப் பிரிவு இருக்காது. பிரசவம் பார்ப்பதில்லை. காய்ச்சல் என்று யாரும் நேராகப் போய்ச் சேர முடியாது. வேறொரு பெரிய மருத்துவமனையின் ஐசியுவில் பல நாள் போராடிப் பிழைத்தும் வென்டிலேட்டரை விட்டு மூச்சுவிட இயலாதவர்கள், எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப்புண் ஆழமாகிவிட்டவர்கள், டயாலிசிஸும் நரம்பு வழி ஏற்றும் ஆன்டிபயாடிக்கும் வாரக்கணக்கில் தேவைப்படுகிறவர்கள் ஆம்புலன்ஸில் அங்கே கொண்டுவரப்படுகிறார்கள். 'நீண்டகாலத் தீவிர சிகிச்சை மருத்துவமனை' என்பது அதன் முறையான பெயர். மருத்துவத் துறையினரின் பேச்சில் அது 'எல்டாக்'. நோயாளிகள் சராசரியாக 25 நாளுக்கு மேல் தங்கினால்தான், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் ஒரு மருத்துவமனையை இந்த வகையில் சேர்க்கும்.

2010-இல் நிறைவேறிய, ஒபாமாகேர் என்று பரவலாக அறியப்படும் சட்டம், வரிவிலக்கு பெறும் லாபநோக்கற்ற மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் ஒரு கடமையை விதித்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தான் சேவை செய்யும் சமூகத்தின் சுகாதாரத் தேவைகளை மதிப்பிட்டு, அந்த அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். கண்டறிந்த தேவைகளுக்கு என்ன செய்யப்போகிறது என்பதையும் எழுதி நிர்வாகக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். தவறினால் 50,000 டாலர் அபராத வரி. மீறல் பெரிதென்றால் வரிவிலக்கே பறிபோகலாம். ஒரு பொது மருத்துவமனைக்கு இது தெளிவான வேலைதான். சுற்றியுள்ள ஊர்களே அதன் சமூகம். அங்குள்ளவர்களுக்கு என்ன நோய், என்ன குறை என்று பார்த்தால் போதும். எல்டாக்குக்கோ முதல் சொல்லிலேயே சிக்கல். பக்கத்துத் தெருவில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர் ஒருமுறைகூட அதற்குள் நுழையாமல் இருக்கலாம். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவர் அங்கே இரண்டு மாதம் கிடப்பார். அப்படியானால் அதன் சமூகம் எது?

என் வாதம் இது: எல்டாக்கின் சமூகத்தை வரைபடத்தில் கட்டிடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதன் நோயாளி எந்த வழியாக அந்தப் படுக்கைக்கு வந்தார், அங்கிருந்து எங்கே போகிறார் என்ற பாதைதான் அதன் சமூகம். மதிப்பீடு அந்தப் பாதையிலிருந்து தொடங்க வேண்டும். மாவட்டத்துக்கு நிகரான கவுன்டியின் புள்ளிவிவரங்கள் அதற்குத் துணையாக மட்டுமே வரலாம். இப்போது வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறானது.

இந்த மருத்துவமனைகள் எப்படித் தோன்றின என்று பார்த்தால் சிக்கலின் வேர் புரியும். இவற்றில் பழையவை சில, காசநோய் சானடோரியங்களாகப் பிறந்தவை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள பார்லோ சுவாச மருத்துவமனை, தாமே காசநோயால் பாதிக்கப்பட்டுக் கலிபோர்னியாவுக்கு வந்த வால்டர் ஜார்விஸ் பார்லோ என்ற மருத்துவர் 1902-இல் நிறுவியது. கனெக்டிகட் மாநிலத்தின் கேலார்டு மருத்துவமனைக்கும் அதே 1902-இல்தான் தொடக்கம். நாடகாசிரியர் யூஜின் ஓநீல் இளமையில் அங்கே தங்கிக் குணமானார். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரில் இன்னும் நம்மிடையே நிற்கிற, டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தொடங்கிய மருத்துவமனையும் அதே உலகளாவிய இயக்கத்தின் கிளை. அந்தக் காலத்தில் தேவை எது என்பதில் குழப்பமே இல்லை. நகரத்தில் காசநோய் இருந்தது; ஏழைகளுக்கு ஒதுங்கிப் படுக்க இடம் இல்லை; அதற்காக ஊரார் பணம் திரட்டிக் கட்டினார்கள். மருந்து வந்து காசநோய் வார்டுகள் காலியானபோது, அமெரிக்காவின் இந்த இடங்கள் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் மாறின.

அடுத்த திருப்பம் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. 1983-இல் மெடிகேர், இன்ன நோய்க்கு இவ்வளவு என்று மருத்துவமனைகளுக்கு நிலையான தொகை தரும் முறைக்கு மாறியது. நோயாளி எத்தனை நாள் கிடந்தாலும் தொகை ஏறாது என்பதால், அவரைச் சீக்கிரம் வேறிடம் அனுப்புவது பொது மருத்துவமனைக்கு லாபமாயிற்று. சராசரியாக 25 நாளுக்கு மேல் வைத்திருக்கும் மருத்துவமனைகளுக்கு மட்டும் அந்த முறையிலிருந்து விலக்கு இருந்தது. இந்த இடைவெளியில் ஒரு புதுத் தொழிலே வளர்ந்தது. ஆய்வாளர் ஜெரமி கான் குழுவினர் 2010-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, 1997-இல் 192 ஆக இருந்த எல்டாக்குகள் 2006-இல் 408 ஆகின. ஐசியுவிலிருந்து அங்கே மாற்றப்பட்ட மெடிகேர் நோயாளிகள் ஆண்டுக்கு 13,732-லிருந்து 40,353 ஆனார்கள். ஆனால் அவை முளைத்த இடங்களைப் பாருங்கள். லூசியானாவிலும் டெக்சாஸிலும் நெருக்கமாக, வேறு சில மாநிலங்களில் அரிதாக. எல்டாக் இல்லாத பகுதிகளில் இதே நிலையிலுள்ள நோயாளிகளைப் பொது மருத்துவமனைகளும் செவிலியர் பராமரிப்பு இல்லங்களும் கவனிக்கின்றன. இது நோய் பரவியிருக்கும் வரைபடத்தோடு பொருந்தும் பரவல் அல்ல. ஐசியுவில் குறைந்தது மூன்று நாள் இருந்தவருக்கு, அல்லது எல்டாக்கிலேயே 96 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மட்டும்தான் முழுக் கட்டணம் என்று 2013-இல் ஒரு சட்டம் வாசலைக் குறுக்கியபோது பல எல்டாக்குகள் மூடப்பட்டன. திறந்தபோதும் மூடியபோதும் கட்டண விதியே முடிவு செய்தது. அந்தப் பகுதி மக்களுக்கு இது எவ்வளவு தேவை என்று யாரும் முறையாகக் கேட்கவில்லை. அதனாலேயே இந்த மூன்றாண்டு மதிப்பீட்டை நான் வெறும் வரிக் கடமையாகப் பார்க்கவில்லை. ஒரு துறை இதுவரை தன்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வியைக் கேட்கச் சட்டமே கொடுத்திருக்கும் வாய்ப்பு அது.

வழக்கமான முறை எப்படி நடக்கிறது? ஓர் ஆலோசனை நிறுவனம் கவுன்டி அளவிலான தகவல்களைத் திரட்டும். எத்தனை பேருக்கு நீரிழிவு, எத்தனை பேர் புகைக்கிறார்கள், எத்தனை பேருக்குக் காப்பீடு இல்லை என்று அட்டவணைகள் வரும். பிறகு உள்ளூர் அமைப்புகளின் பிரதிநிதிகள் சிலரிடம் பேட்டி. இறுதியில் உடல் பருமன், மனநலம், வீட்டுவசதி, மருத்துவ வசதி என்று முன்னுரிமைப் பட்டியல். பட்டியலில் தவறில்லை. ஆனால் அதே கவுன்டியில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையின் பட்டியலோடு அதை மாற்றி வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த அட்டவணைகளுக்குப் பெரிதும் அடிப்படையாக இருப்பது 1984 முதல் நடந்துவரும் ஒரு தேசியத் தொலைபேசிக் கணக்கெடுப்பு. வீடுகளில் வாழும் வயதுவந்தவர்களிடம் மட்டுமே அது கேட்கிறது. மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ நீண்டகாலம் இருப்பவர்கள் அதன் வரம்புக்கு வெளியே. அதாவது ஓர் எல்டாக் யாருக்காக இருக்கிறதோ அவர்களையே அந்த எண்கள் பார்ப்பதில்லை. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டவரிடம் யாரும் தொலைபேசியில் கேள்வி கேட்டதில்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. 2014 இறுதியில் வந்த விதிமுறைகள், மருத்துவமனை தன் சமூகத்தை வரையறுக்கும்போது இட எல்லையோடு, எந்த மக்களுக்காக இயங்குகிறது, எந்தச் சிறப்புச் சிகிச்சையில் கவனம் செலுத்துகிறது என்பவற்றையும் கணக்கில் எடுக்கலாம் என்கின்றன. கூடவே ஒரு கண்டிப்பும் உண்டு: நோயாளிகள் வரும் பகுதிகளில் வாழும் ஏழைகளையும் சிறுபான்மையினரையும் மருத்துவ வசதி கிட்டாதவர்களையும் விலக்கும்படி அந்த வரையறை இருக்கக் கூடாது. அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஒன்றிடமும், இந்த மக்களிடமோ அவர்களின் பிரதிநிதிகளிடமோ கருத்துக் கேட்டே ஆக வேண்டும். ஆகவே நோயாளியின் பாதையைச் சமூகமாகக் கொள்வது விதியை வளைப்பது ஆகாது. விதியின் உள்ளக்கிடக்கையே அதுதான் என்பது என் வாசிப்பு.

பாதையின் முதல் பகுதி, ஐசியுவுக்கு முன்னால் இருப்பது. ஓர் எல்டாக் கடந்த மூன்று ஆண்டுகளில் தன்னிடம் வந்தவர்களின் அஞ்சல் குறியீட்டு எண்களையும் மூல நோயையும் அடுக்கிப் பார்த்தால், எந்தத் தெருக்களில் எந்தச் சிகிச்சை தவறியது என்று தெரியும். கலிபோர்னியாவில் நீரிழிவால் கால் அகற்றப்படுவது பற்றி 2014-இல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' இதழில் வந்த ஆய்வு, பணக்காரப் பகுதிக்கும் ஏழைப் பகுதிக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம் இருப்பதைக் காட்டியது. கவுன்டி சராசரியில் இந்தப் பள்ளம் மறைந்துபோகும். ஆறாத புண்ணோடு எல்டாக்குக்கு வரும் நோயாளியின் கோப்பில் அது எழுதப்பட்டிருக்கிறது: எப்போது சர்க்கரை நோய் தெரிந்தது, பாதத்தை யார் கடைசியாகப் பார்த்தார்கள், இன்சுலின் வாங்கப் பணம் இருந்ததா என்று. நிமோனியா செப்சிஸாக முற்றி நுரையீரல் செயலிழந்தவரின் கோப்பிலும், தடுப்பூசி போட்டாரா, காய்ச்சல் வந்து எத்தனை நாள் கழித்து மருத்துவரிடம் போனார் என்ற கதை இருக்கிறது. பாதையின் கடைசியில் நிற்கும் மருத்துவமனைக்குத்தான் இந்தத் தவறல்கள் அனைத்தையும் ஒருசேரப் பார்க்கக் கிடைக்கிறது. வேறு எந்த நிறுவனத்திடமும் இல்லாத இந்த அறிவை மதிப்பீட்டில் பயன்படுத்தாமல், எல்லோரும் பயன்படுத்தும் அதே அட்டவணையை மறுபடி அச்சிடுவது வீண்.

இரண்டாம் பகுதி, எல்டாக்கை விட்டு வெளியேறிய பிறகு. இங்கேதான் தேவை மிக ஆழமானது. எண்களும் மிகக் கடுமையானவை. நாடு முழுவதும் 23 எல்டாக்குகளில் 1,419 வென்டிலேட்டர் நோயாளிகளைத் தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், 54.1 சதவீதம் பேர் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள், 20.9 சதவீதம் பேர் அதை நம்பியே வெளியேறினார்கள். 25 சதவீதம் பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் விடுபட்டது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் விடுபட்டதோடு வாழ்க்கை பழையபடி ஆகிவிடுவதில்லை. கான் குழுவின் ஆய்வில், எல்டாக்குக்கு மாற்றப்பட்டவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் நீண்டகாலம் வென்டிலேட்டரில் இருந்து உயிரோடு வெளியேறிய 103 பேரை ஓராண்டு கவனித்தபோது, அவர்கள் 457 முறை இடம் மாற்றப்பட்டிருந்தார்கள்: மருத்துவமனை, பராமரிப்பு இல்லம், வீடு, மறுபடி மருத்துவமனை. அதே நோயாளிகளின் குடும்பத்தாரில் 93 சதவீதம் பேர் தங்கள் உறவினர் ஓராண்டு உயிர்வாழ்வார் என்று நம்பியிருந்தார்கள். மருத்துவர்களில் அப்படி நினைத்தவர்கள் 43 சதவீதம். ஆரம்பத்தில் இருந்த 126 பேரில் ஓராண்டு கழித்துப் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் 11 பேர் மட்டுமே.

இந்த எண்களைச் சுகாதாரத் தேவையாகப் படித்துப் பாருங்கள். வென்டிலேட்டர் நோயாளியை ஏற்கும் பராமரிப்பு இல்லங்கள் அந்தப் பகுதியில் எத்தனை, அவை குடும்பத்தார் பார்க்கப் போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றனவா? வீட்டுக்கு அனுப்பினால் சளியை உறிஞ்சி எடுக்கவும் குழாயைச் சுத்தம் செய்யவும் யாருக்குப் பயிற்சி இருக்கிறது? வேலையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு வருமானம் ஏது? ஐசியுவிலிருந்து மீண்டவரின் தசைத் தளர்ச்சி, ஞாபகக் குறைவு, பயக்கனவுகள் ஆகியவற்றுக்கு 2010-க்குப் பிறகே மருத்துவ உலகம் ஒரு பொதுப்பெயர் வைத்தது. குடும்பத்தார் படும் மன உளைச்சலையும் அதில் சேர்த்தது. அதைக் கவனிக்கும் மருத்துவகம் ஊரில் உண்டா? இனி இப்படித்தான் இருக்கும் என்று உண்மையை உட்கார்ந்து பேசும் மருத்துவர்கள், நோயாளியின் மொழியிலேயே பேசும் மருத்துவர்கள், போதுமான அளவு இருக்கிறார்களா? லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற இடத்தில் அது ஸ்பானிஷாகவோ ஆர்மீனியனாகவோ கொரியனாகவோ தகலாக்காகவோ இருக்கலாம். இவற்றில் ஒன்றையும் தொலைபேசிக் கணக்கெடுப்பு கேட்பதில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் எளிதில் அடங்காத கிருமிகள், நோயாளிகளோடு சேர்ந்து மருத்துவமனைக்கு மருத்துவமனை பயணிக்கின்றன. சிகாகோ பகுதியில் நடந்த ஆய்வில், கார்பபெனம் மருந்துகளை எதிர்க்கும் ஒரு வகைக் குடல் பாக்டீரியா, பொது மருத்துவமனை ஐசியு நோயாளிகளில் 3.3 சதவீதம் பேரிடமும் எல்டாக் நோயாளிகளில் 30.4 சதவீதம் பேரிடமும் இருந்தது. நோயாளிகள் நீண்டநாள் கிடப்பதும், உடலில் குழாய்கள் பல இருப்பதும், மருந்துகள் தொடர்ந்து ஏறுவதும் காரணம். அதே நகரில் நான்கு எல்டாக்குகளில், சேரும்போதும் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை, தினமும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்து உடல் துடைத்தல், கிருமி உள்ளவர்களைத் தனியே வைத்தல், கைச்சுத்தம் என்று சேர்த்துச் செய்தபோது, புதிதாகத் தொற்றுவோர் விகிதம் பாதியாகக் குறைந்தது. நோயாளிகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஓர் எல்டாக்கின் தொற்றுக்கட்டுப்பாடு அந்தப் பகுதியின் ஐசியுக்களையும் பராமரிப்பு இல்லங்களையும் காக்கவும் உதவும். ஆனாலும் இது பொதுவாக மருத்துவமனையின் உள்விவகாரமாகவே நினைக்கப்படுகிறது. பொதுச் சுகாதாரத் துறையிடம் கருத்துக் கேட்கச் சட்டம் சொல்வதன் முழுப் பயன் இங்கேதான் கிடைக்கும்.

யாரைக் கேட்பது என்பதைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். தொண்டைக் குழாய் உள்ளவரால் பெரும்பாலும் ஒலி எழுப்பிப் பேச முடியாது. ஆகவே அவருக்குப் பதிலாக உறவினரையோ சமூக அமைப்பின் நிர்வாகியையோ கேட்டுவிட்டு, நோயாளியின் கருத்து கிடைத்துவிட்டதாக எழுதுவது எளிது. அது போதாது. தசைச்சிதைவு நோயால் வென்டிலேட்டரில் வாழ்ந்த டேவிட் மியூர் என்ற இளைஞர், தனக்குப் பேச வேண்டும் என்பதற்காகவே 1980-களில் ஒருவழி வால்வு ஒன்றை வடிவமைத்தார். இன்று உலகெங்கும் இத்தகைய நோயாளிகள் பலர் பேசுவது அந்த வால்வால்தான். என்ன தேவை என்பது நோயாளிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்பதை அந்தக் கண்டுபிடிப்பே நிரூபிக்கிறது. பேச்சுப் பயிற்சியாளரின் உதவியோடு, வால்வு பொருத்திய பிறகு அல்லது எழுத்துப் பலகையை வைத்து, நேரம் ஒதுக்கிக் கேட்கலாம். வீடு திரும்பி ஆறு மாதம் ஆனவர்களிடமும் கேட்கலாம்.

இதற்கு எழும் மறுப்புகள் லேசானவை அல்ல. முதலாவது, ஓர் எல்டாக்கில் ஆண்டுக்குச் சேருபவர்கள் சில நூறு பேர். இவர்களை வைத்து ஒரு சமூகத்தின் தேவையைச் சொல்வது புள்ளியியல்படி நிற்குமா? விகிதங்களைக் கணிக்க நிற்காதுதான். எது எங்கே முறிகிறது என்று கண்டறிய அத்தனை எண்ணிக்கை தேவையில்லை. அதற்கு ஆழமாகப் பார்க்கப்பட்ட அறுபது கோப்புகள் மேலோட்டமான ஆறாயிரத்தைவிடப் பயன்படும். பல மருத்துவமனைகள் ஒரே சமூகத்துக்கு ஒன்றுசேர்ந்து கூட்டு மதிப்பீடு செய்யவும் விதி அனுமதிக்கிறது.

இரண்டாவது மறுப்பு எனக்கு மிகவும் வலுவாகப் படுகிறது. வந்தவர்களின் கோப்பிலிருந்து தொடங்கினால், வர முடியாமல் போனவர்கள் என்ன ஆவார்கள்? யாருக்கு எல்டாக் கிடைக்கிறது என்பதில் காப்பீட்டுக்குப் பெரிய பங்குண்டு. பென்சில்வேனியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டில் இருந்தவர்களைவிடத் தனியார் காப்பீடு உள்ளவர்களே எல்டாக்குக்கு அதிகம் மாற்றப்பட்டார்கள். காப்பீடே இல்லாதவர் ஐசியுவிலேயே காலம் கழிப்பார், அல்லது தகுதியில்லாத இடத்துக்கு அனுப்பப்படுவார். உள்ளே இருப்பவர்களை மட்டும் பார்க்கும் மதிப்பீடு, வாசலில் நடந்த வடிகட்டலை நியாயமாக்கிவிடும் ஆபத்து நிஜம். ஆகவே பாதை என்று நான் சொல்வதில், நோயாளிகளை அனுப்பும் மருத்துவமனைகளின் கேஸ் மேனேஜர்களும் அடங்குவார்கள். யாரை அனுப்ப நினைத்தீர்கள், எத்தனை விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன, என்ன காரணம், அவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். தன் மறுப்புப் பட்டியலைத் தானே வெளியிடுவது எந்த நிர்வாகத்துக்கும் கசக்கும். ஆனால் வசதியற்றவர்களை விலக்கக் கூடாது என்ற விதிக்கு எல்டாக்கைப் பொறுத்தவரை வேறு பொருள் இருக்க முடியாது.

மூன்றாவது, நீரிழிவைத் தடுப்பதும் வீட்டுவசதியைச் சீராக்குவதும் அறுபது எழுபது படுக்கையுள்ள ஒரு மருத்துவமனையின் வேலையா? இல்லை. தேவையை அறிவது வேறு, அத்தனையையும் தானே தீர்ப்பது வேறு. எந்தத் தேவைகளை எடுத்துக்கொள்ளவில்லை, ஏன் என்று காரணத்தோடு எழுத விதிமுறை இடம் தருகிறது. பாதப் பரிசோதனை இல்லாத தெருக்களின் பட்டியலை அங்குள்ள சமூக மருத்துவகத்திடம் கொடுப்பது எல்டாக்கால் முடியும். குடும்பத்தாருக்குக் குழாய்ப் பராமரிப்பு வகுப்பை, தன் நோயாளிகள் அல்லாதவர்களுக்கும் சேர்த்து நடத்துவது முடியும். பக்கத்துப் பராமரிப்பு இல்லங்களின் ஊழியர்களுக்குச் சுவாசச் சிகிச்சைப் பயிற்சி தருவது, மாற்றப்படும் ஒவ்வொரு நோயாளியோடும் கிருமி நிலையைக் குறித்து அனுப்புவது, இவையும் முடியும். பெரிய செலவு இல்லாத இந்த வேலைகளை வேறு எவராலும் இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது.

கடைசி மறுப்பு, இந்தக் கடமை யாருக்கு என்பது பற்றியது. எல்டாக்குகளில் பெரும்பான்மை லாபநோக்கு நிறுவனங்கள். வரிவிலக்கு வாங்காததால் இந்த மதிப்பீடு அவற்றைக் கட்டுப்படுத்தாது. சிறுபான்மையாக உள்ள லாபநோக்கற்றவை மட்டும் இவ்வளவு சிரத்தை எடுத்து என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் நோயாளியின் பாதை உரிமையாளரைப் பார்த்து வளைவதில்லை. ஒரு லாபநோக்கற்ற எல்டாக் தன் பகுதியின் பாதையை முழுதாக வரைந்து வெளியிட்டால், அது பொது ஆவணம். சுகாதாரத் துறையும் காப்பீட்டுத் துறையும் அதை எல்லா எல்டாக்குகளுக்கும் அளவுகோலாக எடுக்கலாம். மேலும் பல மாநிலங்களில், புது மருத்துவமனை திறக்கவோ படுக்கைகளைக் கூட்டவோ முன்கூட்டியே தேவைச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. அங்கே விண்ணப்பதாரர் லாபநோக்கு நிறுவனமானாலும், எத்தனை படுக்கை நிரம்பும் என்ற கணிப்போடு, யார் இப்போது வாசலில் மறுக்கப்படுகிறார்கள், வெளியேறுபவர்கள் எங்கே போவார்கள் என்ற இரண்டு பதில்களையும் மாநில அரசு கேட்டு வாங்க முடியும். அதற்குப் புதிய தேசியச் சட்டம் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும்.